போல்ட் பொருந்தினால் போதாது: பழைய காருக்கு மாஸ்டர் சிலிண்டர் தேர்வு

“அம்பாசடருக்கு ஒரு பிரேக் மாஸ்டர் சிலிண்டர் குடுங்க” என்று கேட்டால், விவரமான கடைக்காரர் பெட்டியை எடுக்க மாட்டார். “பழசு கொண்டு வந்திருக்கீங்களா?” என்று திருப்பிக் கேட்பார். கால் அழுத்தத்தை ஆயில் அழுத்தமாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்பும் இந்த உதிரிபாகத்துக்கு வண்டியின் பெயர் மட்டும் விலாசம் ஆகாது. 1958 முதல் 2014 வரை ஓடிய அந்த ஒரே பெயருக்குள், நான்கு சக்கரமும் டிரம்மாக இருந்த வண்டியும் உண்டு, முன்னால் டிஸ்க்கும், கால் அழுத்தத்துக்கு வெற்றிடத்தால் வலு சேர்க்கும் பூஸ்டரும் வைத்து வந்த வண்டியும் உண்டு. பிரீமியர் பத்மினி, மாருதி 800, காண்டெஸா எதுவானாலும் இதே கதைதான். இருபது முப்பது வருடத்தில் எந்த மெக்கானிக் எதை எடுத்து எதில் மாட்டினார் என்பதற்கு ஆர்.சி. புத்தகத்தில் பதிவு இருக்காது. ஆகவே தேர்வு தொடங்க வேண்டிய இடம் சக்கரத்தில் இருக்கும் பிரேக்கும், கழற்றிய பழைய சிலிண்டரும்தான்.

முதலில், குற்றவாளி அதுதானா?

பிரேக் சரியில்லை என்றதும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுவது பல பட்டறைகளில் வழக்கம். பாதி நேரம் காசு வீண். பத்து நிமிடச் சோதனை போதும்.

என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நடுத்தர அழுத்தத்தில் மிதித்து, அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். வெளியே எங்கும் கசிவு இல்லாமலே பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், உள்ளே இருக்கும் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் வழிகிறது. இது மாஸ்டர் சிலிண்டர் குறை. லேசாக மிதித்தால் இறங்கி, ஓங்கி மிதித்தால் நிற்கிறது என்றாலும் அதே குறைதான். அழுத்தம் கூடும்போது கப்பின் உதடு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே.

முதல் மிதியில் கீழே போய், இரண்டாவது மூன்றாவது மிதியில் மேலே ஏறி கெட்டியாக நிற்கும் பெடலுக்குப் பெரும்பாலும் காரணம் டிரம் அட்ஜஸ்ட்மென்ட். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. இந்த இரண்டுக்கும் புது சிலிண்டர் மருந்தல்ல.

பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு, டிரம் கொதிக்கிறதா? சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து மூன்று இடங்களில் வரிசையாகத் தளர்த்திப் பாருங்கள். பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி சிலிண்டரை ஒரு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தியதும் சக்கரம் சுற்றினால், பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ் ராடின் நீளம் தப்பு. அது இல்லாமல், சிலிண்டரில் பைப் நட்டைத் தளர்த்தியதும் விட்டால், உள்ளே ஆயில் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கிறது. சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தால் மட்டும்தான் விடுகிறது என்றால், நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதிப்போய் அடைத்துக்கொண்டது. கடைசி வகையில் மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி போட்டு மாற்றுபவர்கள் ஏராளம். ஹோஸ் அப்படியே இருக்க, புது சிலிண்டர் மாட்டியும் வண்டி பிடித்துக்கொண்டே ஓடும்.

சிலிண்டரின் பின்முனையில் ரப்பர் பூட்டை விலக்கினால் ஈரமா? பூஸ்டர் வண்டியில் சிலிண்டர் உட்காரும் இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறதா? சிலிண்டருக்கு ஆயில் ஊட்டும் டப்பாவில் அளவு குறைகிறது, தரையில் சொட்டு இல்லை என்றால் ஆயில் பூஸ்டருக்குள் போகிறது. புகைபோக்கியில் வெள்ளைப் புகைகூட வரலாம். பின் கப் போய்விட்டது என்று அர்த்தம். சிலிண்டரோடு பூஸ்டரையும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். பிரேக் ஆயில் உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தைக் கெடுத்திருக்கும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். டப்பா மூடியின் ரப்பர் ஊதிப் பெருத்து, திரும்ப உட்கார மறுக்கிறதா? யாரோ என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். பிரேக் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குப் புது மாஸ்டர் சிலிண்டர் மட்டும் வாங்கினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. வீல் சிலிண்டர் கப், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரின் சீல், எல்லா ஹோஸ், பைப் கழுவுதல் என்று முழு பிரேக்கையும் எடுக்க வேண்டும்.

கிட் போட்டால் போதுமா, புதுசு வேண்டுமா

கழற்றிய சிலிண்டரின் பின்னாலிருக்கும் பூட்டு வளையமான சர்க்லிப்பை எடுத்து, பிஸ்டனை உருவி, உட்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் ஓய்வாக நிற்கும் இடத்திலும், அடிப்பக்கச் சுவரிலும்தான் துரு முதலில் பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊர்களில், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் இந்த வேலை வேகமாக நடக்கும். நகத்தால் வருடும்போது குழி தட்டுப்படவில்லை, வெறும் கறைதான் என்றால், வார்ப்பிரும்பு சிலிண்டரை லேசாக ஹோன் செய்து, அதாவது உட்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கி, புதுக் கப்புகள் அடங்கிய ரப்பர் கிட் போட்டு ஓட்டலாம். நகம் தடுக்கினால் வேண்டாம். புதுக் கப்பின் உதட்டை அந்தக் குழி சில மாதங்களில் கிழித்துவிடும்.

அலுமினிய சிலிண்டருக்கு ஹோன் வைக்கவே கூடாது. உட்சுவரில் இருக்கும் கடினமான அனோடைஸ் பூச்சு போய்விட்டால், அடியில் இருக்கும் மென்மையான உலோகம் தேய்ந்து கப்பையும் கூட்டிக்கொண்டு போகும்.

உதிரிபாகமே கிடைக்காத அரிய வண்டிகளுக்கு மூன்றாவது வழி உண்டு. லேத்தில் கடைந்து பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்குவது. நல்ல கை கிடைத்தால் இது புதுசைவிட நீண்ட நாள் உழைக்கும். பிழை நடப்பது எப்போதும் ஒரே இடத்தில்: ஸ்லீவ் இறக்கியபின், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் அந்தச் சிறு துளையை மறுபடி போட வேண்டும். அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம். சரியான இடத்தில் போட்டு, உட்புறம் பிசிறு இல்லாமல் மழுக்க வேண்டும். பிசிறு இருந்தால் ஒவ்வொரு மிதியிலும் கப்பைச் சீவும். இடம் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் பிரேக் விடாது. பட்டறையில் இதைப் பற்றிக் கேளுங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

போர் சைஸ்: எல்லாத் தேர்வும் இதில்தான்

சிலிண்டரின் உள்விட்டத்தைத்தான் பட்டறையில் போர் என்பார்கள். இரண்டு போல்ட்டும் உட்கார்ந்து, பைப்பும் ஏறிவிட்டால் சிலிண்டர் பொருந்திவிட்டதாகத் தோன்றும். போர் வேறாக இருந்தால் வண்டியின் பிரேக்கே வேறாகிவிடும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. ஜப்பான் வழி வந்த கார்களிலும் போர் மட்டும் அங்குலத்திலேயே இருப்பது சகஜம்.

5/8 அங்குலம் = 15.87 மி.மீ., பரப்பு 198 சதுர மி.மீ.
11/16 அங்குலம் = 17.46 மி.மீ., பரப்பு 239
3/4 அங்குலம் = 19.05 மி.மீ., பரப்பு 285
13/16 அங்குலம் = 20.64 மி.மீ., பரப்பு 335
7/8 அங்குலம் = 22.22 மி.மீ., பரப்பு 388
1 அங்குலம் = 25.4 மி.மீ., பரப்பு 507

விட்டத்தில் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். பூஸ்டர் இல்லாத வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெடல் விகிதம் 5, அதாவது பெடல் கால் அழுத்தத்தை ஐந்து மடங்காக்கும். கால் 30 கிலோ அழுத்தினால் புஷ் ராடில் 150 கிலோ. 3/4 அங்குல போரில் இது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 53 கிலோ அழுத்தம். அதே இடத்தில் 7/8 அங்குலம் மாட்டினால் 39 கிலோதான். பழைய பிடிப்பு வேண்டுமானால் காலால் 41 கிலோ கொடுக்க வேண்டும். அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி நிற்காமல் இழுத்துக்கொண்டு போகும். மாட்டிய மெக்கானிக்கோ, “பாருங்க, பெடல் எவ்வளவு கெட்டியா இருக்கு” என்பார். கெட்டியான பெடல் நல்ல பிரேக் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. போர் பெரிதானால் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், பிடிப்பு குறைந்திருக்கும்.

சரி, சின்ன போர் போட்டால் அழுத்தம் கூடுமே? கூடும். ஆனால் பிஸ்டன் அதிக தூரம் போக வேண்டும். 3/4 அங்குல போரில் பிஸ்டன் 20 மி.மீ. நகர்ந்தால் 5.7 மில்லிலிட்டர் ஆயில் தள்ளும். அதே அளவைத் தள்ள 7/8 அங்குலத்துக்கு 14.7 மி.மீ. போதும், 5/8 அங்குலத்துக்கோ கிட்டத்தட்ட 29 மி.மீ. வேண்டும். அவ்வளவு ஓட்டம் அந்தச் சிலிண்டரில் இல்லையென்றால் பிஸ்டன் முனையில் முட்டி நிற்கும், பெடல் தரையைத் தொடும். ஷூ தேய்ந்து இடைவெளி கூடும்போது, அல்லது மலை இறக்கத்தில் டிரம் சூட்டில் விரியும்போது இது நேரும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே பழைய போர் எதுவோ அதுவே. மாற்ற ஒரே நியாயமான காரணம், சக்கரத்தில் இருக்கும் பிரேக் மாறியிருப்பது அல்லது பூஸ்டர் புதிதாக வந்திருப்பது. அப்போதும் ஒரு படி, அதாவது 1/16 அங்குலம், மேலே போவதோடு நிற்பது நல்லது. 3/4-இலிருந்து 13/16 போனாலே கால் வலு 17 சதவீதம் அதிகம் கேட்கும்.

அளப்பது எப்படி? பல சிலிண்டர்களில் வார்ப்பின் பக்கவாட்டில் 3/4, 13/16, 7/8 என்று எண் புடைத்திருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் பிஸ்டனை உருவிவிட்டு, வெர்னியரின் உள்தாடைகளைச் சர்க்லிப் காடிக்கு உள்ளே தள்ளி வைத்து அளக்க வேண்டும். வாய்ப்பக்கம் சரிவாகக் கடைந்திருப்பதால் அங்கே அளந்தால் ஒரு சைஸ் பெரிதாகக் காட்டும். பிஸ்டனை மட்டும் அளந்தால் சிறிதாகக் காட்டும். கிடைத்த அளவு மேலே உள்ள பட்டியலில் எதற்கும் ஒட்டவில்லையா? யாரோ ஏற்கெனவே ரீபோர் செய்த, அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்கிய சிலிண்டர் அது. அதை அளவுகோலாக எடுக்காதீர்கள். அதே ஆண்டு வண்டியின் சர்வீஸ் புத்தகம்தான் அப்போது துணை.

புஷ் ராடு உட்காரும் குழி

பிஸ்டனின் பின்பக்கத்தில் புஷ் ராடு முனை உட்கார ஒரு குழி இருக்கும். இதைக் கவனிக்காமல் வாங்குவதால் வரும் ஆபத்து, போர் தவறைவிடக் கொடியது. பூஸ்டர் வண்டியின் சிலிண்டரில் குழி ஆழமில்லாமல் இருக்கும், ஏனென்றால் பூஸ்டரின் ராடு தன் இடத்தை விட்டு நகராது. பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடலிலிருந்து வரும் நீண்ட ராடு நேராக உள்ளே போவதால், ஆழமான குழியோ, ராடை வெளியே வரவிடாத வாஷரும் சர்க்லிப்புமோ இருக்கும். ஆழமில்லாத குழி கொண்ட சிலிண்டரை பூஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டினால், பெடலை வேகமாக விடும்போது ராடு நழுவி ஓரத்தில் விழலாம். அடுத்த மிதிக்கு பிரேக் இருக்காது.

எனவே பழையதிலும் புதியதிலும் மூன்று அளவு எடுங்கள்: பிஸ்டன் குழியின் ஆழம், பிடிப்புத் தகட்டின் முகத்திலிருந்து பிஸ்டன் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்பது, பூஸ்டர் துளைக்குள் நுழையும் கழுத்தின் விட்டம். கடைசி அளவு முக்கியம். அந்தக் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங்தான் பல வண்டிகளில் பூஸ்டரின் வெற்றிடத்தை அடைக்கிறது. கழுத்து ஒரு மில்லிமீட்டர் சிறிதானால் உஸ்ஸென்று காற்று இழுத்து, என்ஜின் ஐடிலிங்கும் கெடும், பெடலும் கல்லாகும்.

போல்ட் துளைகளின் மைய தூரம் இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் அரம் வைத்து இழுத்து மாட்டும் பழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். சிலிண்டர் சாய்ந்து உட்கார்ந்தால் பிஸ்டன் ஒரு பக்கமாக உரசித் தேயும்.

பைப் நட்: ஏறுகிறது என்பதற்காக ஏற்றாதீர்கள்

ஆங்கிலேய, அமெரிக்க வழி வந்த பழைய கார்களில் 3/16 அங்குல பைப்புக்கு 3/8 அங்குலம், 24 இழை யு.என்.எஃப். நட்டு வரும். ஜப்பான் வழிக் கார்களில் எம்10, இழை இடைவெளி 1 மி.மீ. இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். 3/8 நட்டின் விட்டம் 9.5 மி.மீ., இழை இடைவெளி 1.06 மி.மீ. அதனால் எம்10 துளைக்குள் அது தாராளமாக ஏறும், இறுகுவதுபோல்கூட இருக்கும். பிடிப்பது இழையின் நுனி மட்டும். ஓங்கி மிதிக்கும் ஒரு நாள் நட்டோடு பைப் வெளியே வந்துவிடும். கையால் திருகும்போது லொடலொடவென்று ஆடினால் நிறுத்திவிடுங்கள். இழை அளவி ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோனால் இந்தச் சந்தேகமே வராது.

இழை சரியாக இருந்தாலும் பைப் நுனியின் வடிவம் பார்க்க வேண்டும். ஒரு வகையில் நுனி புனல்போல் உள்மடிந்து இரட்டையாக விரிந்திருக்கும், அதற்குச் சிலிண்டர் துளையின் அடியில் கூம்பு மேலே எழும்பி நிற்கும். இன்னொரு வகையில் நுனி காளான் தலைபோல் உருண்டிருக்கும், அதற்குத் துளையின் அடி குழிந்திருக்கும். மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். இறுக்க இறுக்க இரண்டும் கெடும். வழி, புது நட்டுப் போட்டுச் சரியான வடிவத்தில் நுனியை மறுபடி விரித்துக்கொள்வதுதான். செம்புக் குழாயைப் பிரேக்குக்குப் போடச் சொல்லும் யோசனையைக் காதில் வாங்காதீர்கள். அதிர்வில் அது இறுகி வெடிக்கும். பிரேக்குக்கென்று வரும் ஸ்டீல் அல்லது செம்பு-நிக்கல் குழாய்தான் வேண்டும்.

பிரேக் லைட் சுவிட்ச் பெடலில் இல்லாமல் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் வகையா? அதற்கான துளை புதிய சிலிண்டரிலோ பைப் பிரிவிலோ இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரம்மா, டிஸ்க்கா

நான்கும் டிரம்மாக இருந்த காலத்து மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், ஆயில் வெளியேறும் முனையில் ஒரு சிறிய தடை வால்வு இருக்கும். பெடலை விட்டபின்னும் பைப்பில் ஏறக்குறைய 0.7 பார் அழுத்தத்தை நிறுத்திவைத்து, வீல் சிலிண்டர் கப்பின் உதடு சுவரோடு ஒட்டியிருக்கச் செய்வது அதன் வேலை. டிரம்மில் ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் வலுவாக இருப்பதால் இந்த அழுத்தம் தொந்தரவு தராது. டிஸ்க் காலிப்பரில் அப்படி இழுக்க ஸ்பிரிங் கிடையாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். முன்னால் டிஸ்க் மாற்றிவிட்டுப் பழைய டிரம் சிலிண்டரையே விட்டுவைத்த வண்டிகள் பத்துக் கிலோமீட்டரில் சூடேறி நிற்பதற்கு இதுவே முதல் காரணம். சோதிக்க, மெல்லிய கம்பியை வெளியேறும் துளைக்குள் மெதுவாக விடுங்கள். ரப்பர் தட்டுப்பட்டால் வால்வு இருக்கிறது.

டிஸ்க்குக்கு அழுத்தமும் அதிகம் வேண்டும். டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளே இழுத்து உதவும், டிஸ்க்கில் அந்தச் சலுகை இல்லை. தவிர, பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். அதனால் டப்பாவும் பெரிதாக இருக்க வேண்டும். டிஸ்க் மாற்றும் வேலை பூஸ்டர், சிலிண்டர், பின் சக்கரத்துக்கான அழுத்தக் குறைப்பு வால்வு என்று தொகுப்பாக நடக்க வேண்டிய வேலை.

ஒற்றைச் சுற்று சிலிண்டரை இரட்டைச் சுற்றாக, அதாவது டேண்டமாக, மாற்றுவது பழைய காருக்குச் செய்யக்கூடிய மிக நல்ல காரியம். ஒற்றைச் சுற்றில் எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். டேண்டமில் ஒரு சுற்று போனாலும் மற்றது பிடிக்கும். போர் பழைய அளவிலேயே இருந்தால் பெடல் தூரம் ஏறக்குறைய மாறாது, ஏனென்றால் இரண்டு பிஸ்டனும் ஆளுக்குப் பாதி ஆயிலைத்தான் தள்ளுகின்றன. ஆனால் ஒரு சுற்று காலியானால் அந்தப் பிஸ்டன் முனைவரை ஓடி முட்டிய பிறகே மற்றது அழுத்தும். அதற்குத் தேவையான ஓட்டம் பெடலில் மிச்சம் இருக்கிறதா என்று மாட்டுமுன் அளந்துகொள்ளுங்கள். டேண்டம் நீளமாகவும் இருக்கும். முன்னால் ஸ்டீயரிங் ராடு, கார்புரேட்டர் எதுவும் இடிக்கக் கூடாது. டேண்டமில் எந்தத் துளை முன் சக்கரத்துக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. “முன்னால் இருப்பது முன்னுக்கு” என்ற ஊகம் பல வண்டிகளில் தப்பு.

இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடும் மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சேஸிஸ் பகுதிக்குள் இருக்கும். அங்கே ஆயில் ஊற்றத் தரை விரிப்பை விலக்க வேண்டும். சாதாரண என்ஜின் அறை சிலிண்டரை அங்கே தொங்கவிட்டால் டப்பாவைத் தனியாக உயரத்தில் வைத்துக் குழாய் இழுக்க வேண்டியிருக்கும்.

கடையில் பார்க்க வேண்டியது

சென்னையில் ஜி.பி. ரோடு புதுப் பாகங்களுக்கு, புதுப்பேட்டை கழற்றிய பாகங்களுக்கு. மாஸ்டர் சிலிண்டரைப் பொறுத்தவரை, கழற்றிய பாகத்தை உடலுக்காக மட்டும் வாங்கலாம். உள்ளே இருக்கும் ரப்பரோடு அப்படியே மாட்டக் கூடாது. சென்னையின் பாடி பகுதியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் கிர்லிங் வகைப் பிரேக்குகளை இங்கேயே செய்ததால், நம் ஊர்ப் பழைய கார்கள் பலவற்றுக்கு அந்த வழிப் பாகங்கள் இன்னும் கண்ணில் படும்.

பெட்டியோடு இருபது வருடம் அலமாரியில் தூங்கிய “ஒரிஜினல்” கிடைத்தால் வாங்குங்கள், நல்ல வார்ப்பாக இருக்கும். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. புதுக் கிட் ஒன்றையும் சேர்த்து வாங்கி, பிரித்துக் கப்பை மாற்றிவிட்டே மாட்ட வேண்டும். உள்ளே பூசியிருக்கும் பழைய காப்பு எண்ணெயைப் பிரேக் ஆயிலாலோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலோ கழுவுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் ரப்பருக்கு விஷம்.

லோக்கல் சரக்கை அடையாளம் காண, கவுன்டரிலேயே ஒரு சோதனை: வெளியேறும் துளைகளை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு பிஸ்டனை உள்ளே தள்ளுங்கள். காற்று விரலை எதிர்த்து முட்ட வேண்டும். விட்டதும் பிஸ்டன் தடையில்லாமல் திரும்பி, சர்க்லிப்பில் ‘டக்’ என்று நிற்க வேண்டும். டப்பா உட்காரும் துளை வழியே டார்ச் அடித்தால் பெரிய துளை ஒன்றும், பக்கத்தில் ஊசிமுனைத் துளை ஒன்றும் தெரியும். டேண்டமில் சில வகைகளில் சிறு துளைக்குப் பதிலாகப் பிஸ்டனுக்குள் வால்வு இருக்கும், அதனால் பழையதோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். துளையின் விளிம்பில் கடைசல் பிசிறு மினுங்கினால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது

ஒரு லிட்டர் பிரேக் ஆயில் கையில் இருக்கட்டும், அரை லிட்டர் பாதியில் தீரும். ஆயிலின் தர வகையான டாட் 3-க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4-க்கு 230, 155. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், டாட் 4 போதும். சிலிக்கான் வகையான டாட் 5 இவற்றோடு சேராது. சீல் உடைத்து வைத்த பழைய டப்பா வேண்டாம்.

வண்டியில் ஏற்றுமுன் வைஸில் வைத்துக் காற்றை வெளியேற்றுவது கட்டாயம். பிடிப்புத் தகட்டை மட்டும் வைஸில் பிடியுங்கள். உடலை நெரித்தால் போர் வளையும். வெளியேறும் துளைகளில் குட்டிக் குழாய் மாட்டி, மறுமுனையை டப்பா ஆயிலுக்குள் முக்கி, மழுங்கிய கம்பியால் பிஸ்டனை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை தள்ளுங்கள். குமிழி நிற்கும்வரை. இதைத் தவிர்த்தவர்கள்தான் நாள் முழுக்கச் சக்கரத்தில் ஏர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பைப் நட்டை முதலில் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றியபின்னரே சிலிண்டரின் போல்ட்டை முழுதாக இறுக்குங்கள். குறுக்கு இழை விழாமல் இருக்க இதுதான் வழி. எம்10 நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும். பைப் நட்டுக்கான ஸ்பானர் பயன்படுத்துங்கள், சாதாரண திறந்த வாய் ஸ்பானர் மூலையை உருட்டிவிடும். பெயின்ட் மேல் சிந்திய பிரேக் ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறிது இடைவெளி வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் ஒரு மில்லிமீட்டருக்குள். குழிக்குள் களிமண் உருண்டை வைத்து சிலிண்டரை ஒரு முறை உட்காரவைத்து எடுத்தால் மிஞ்சிய தடிமன் இடைவெளியைச் சொல்லும். இடைவெளியே இல்லையென்றால் கப் அந்தச் சிறு துளையை நிரந்தரமாக மூடிவிடும். சூடேறி விரியும் ஆயிலுக்குத் திரும்ப வழியில்லாமல், ஓடஓட பிரேக் தானே இறுகும். அதிக இடைவெளி விட்டால் பெடல் வீணாக ஆடும். விகிதம் 5 உள்ள வண்டியில் ராடில் 1 மி.மீ. பெடலில் 5 மி.மீ. ஆகும்.

ஏர் எடுக்கும் வரிசை, முன்-பின் எனப் பிரிந்த சுற்றுகளிலும் ஒற்றைச் சுற்றிலும், தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கும். நம் வலதுகை ஓட்டு வண்டிகளில் அது இடது பின் சக்கரம். சுற்று குறுக்காகப் பிரிந்திருக்கும் முன்சக்கர இழுவைக் கார்களுக்கு அந்தந்த சர்வீஸ் புத்தக வரிசை. சிலிண்டரை மாற்றாமல் வெறும் ஆயில் மாற்றும் நாளில் பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தரைவரை மிதித்தால், பல வருடமாகத் தொடாத துருப்பகுதியில் கப் ஏறிக் கிழியும். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆயில் மாத்தினதும் போச்சு” என்ற புகாரின் மூலம் இதுதான்.

முடித்ததும் டப்பா மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் பெடலை மெல்லத் தொடும்போது பாருங்கள். ஆயில் பரப்பில் சிறு சுழிப்போ ஊற்றோ எழுந்தால் திரும்பும் துளை திறந்திருக்கிறது. பிறகு என்ஜினை அணைத்து, பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள், பெடல் இறங்கக் கூடாது. என்ஜினை ஓடவிட்டு மறுபடி மிதியுங்கள். எல்லா நட்டையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஆளில்லாத இடத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பழகி, ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து நான்கு சக்கரத்தின் சூட்டையும் கையை அருகில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் ஹோஸ் அல்லது சிலிண்டர். எல்லாமே கொதித்தால் புஷ் ராடை மறுபடி அளக்க வேண்டும். மறுநாள் காலையில், வண்டியை எடுக்குமுன், டப்பாவின் அளவுக் கோட்டை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.